புதுப்பிப்பு: மறுவாழ்வு முகாம் சட்ட உதவிப் பயிற்சி

சேலம் மாவட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் சட்ட உதவி செய்யும் தொண்டு நிறுவனங்களில் சட்ட மாணவர்கள் பயிற்சி பெறுவது பற்றி முன்பு எழுதியிருந்தோம். இந்தப் பயிற்சி படிப்புக் கணக்கில் சேருமா, முகாமில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கான பதில் இது.

பயிற்சி, படிப்புக் கணக்கில் சேரும். பார் கவுன்சிலின் (சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) 2008 விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். எந்த ஆண்டிலும் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் கூடாது.

உதவி கேட்டு வந்தவரின் கோப்பைத் திறந்ததும் முதலில் பிறந்த தேதியையும் ஊரையும் பாருங்கள். 1955 குடியுரிமைச் சட்டம் பிரிவு 3-இன்படி 1.7.1987-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளானாலும் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதன்பின் 3.12.2004-க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு என்றால், பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் (உரிய ஆவணமின்றி வந்தவர் அல்லது அனுமதிக் காலம் கடந்தும் தங்கியவர்) இருக்கக் கூடாது. ஒருநாள் வித்தியாசம் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றுகிறது. இது பெரிய அநீதி என்றே நினைக்கிறோம்.

மனு அதிகம் திரும்புவது பெயரால்தான். முகாம் பதிவில் 'விஜயலெட்சுமி', பள்ளிச் சான்றில் 'விஜயலட்சுமி', ஒன்றில் இனிஷியலே இல்லை. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

வீட்டில் பிறந்து பதியாமல் விட்டவர்களுக்கு, பதிவு இல்லை என்ற சான்றை முதலில் வாங்க வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய இப்போது கோட்டாட்சியர் நிலையிலேயே உத்தரவு பெறலாம். பழைய மாதிரி மனுவை வைத்து நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம்.

அசல் ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகலெடுத்து அப்போதே கையில் கொடுங்கள். வக்காலத்தில் (வழக்கறிஞரை அமர்த்தும் பத்திரம்) கையெழுத்து மனுதாரருடையதும் வழக்கறிஞருடையதும் மட்டுமே; மாணவர்கள் போடக் கூடாது.