ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைப்பர்: ஹெட்லைட் போட்டா தவழுது, ஆஃப் பண்ணா நடுக்கண்ணாடியில நிக்குது

நாஞ்சில் ஹெரால்டு:

எல்லாருக்கும் வணக்கம். 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 948 சிசி, ஆல்டர்னேட்டர் இல்ல, பழைய டைனமோதான். போன வருஷம் டிங்கரிங், பெயின்டிங் முடிச்சு எடுத்ததுல இருந்து வைப்பர் மக்கர் பண்ணுது. சுவிட்ச் போட்டா ஓடும், ஆனா ரொம்ப மெதுவா. ஹெட்லைட்டும் போட்டா இன்னும் மோசம். ஆஃப் பண்ணா கீழ வந்து படுக்கறது இல்ல, எந்த இடத்துல இருக்கோ அங்கேயே நின்னுடும்.

உள்ளூர் மெக்கானிக் டெஸ்ட் லேம்ப்போட ஒரு முனையை பாடியில மாட்டிப் பார்த்தார். சுவிட்ச்ல வர்ற கறுப்பு-பச்சை வயர்ல, ஆஃப்ல இருக்கும்போது லேம்ப் எரியுது. ஆன் பண்ணினா அணையுது. "கரண்ட்டை சுவிட்ச் முழுங்குது"ன்னு சொல்லி சுவிட்சை மாத்தினார். ஒரு மாற்றமும் இல்ல. இப்போ மோட்டர் போச்சு, மாருதி 800 மோட்டர் ஏத்திடலாம்ங்கறார். இங்க ஜூன் மழை ஆரம்பிச்சாச்சு. ஒரிஜினல் மோட்டரைக் கழட்ட மனசு வரல. என்ன பண்ணலாம்?

பாடி ரோடு எலக்ட்ரீசியன்:

தம்பி, மோட்டர்ல கையை வைக்காதீங்க. உங்க மெக்கானிக் பார்த்த விளக்கு சொன்னது சரி, அவர் அர்த்தம் பண்ணினதுதான் தப்பு.

அம்பாசடர் பின்னால வந்த மாடல்கள், மாருதி எல்லாம் பார்த்துப் பழகினவங்க சுவிட்ச்னா ப்ளஸ்ஸைத்தான் அனுப்பும்னு நினைப்பாங்க. உங்க வண்டியில இருக்கிற இந்த லூகாஸ் கம்பெனி டிஆர்3ஏ வைப்பர் மோட்டர் தலைகீழ். இக்னிஷன் போட்டாலே பச்சை வயர்ல மோட்டருக்கு நேரா ப்ளஸ் வந்து நிக்கும். சுவிட்ச் பண்றது எர்த், அதாவது பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பற வழி, கொடுக்கிற வேலை மட்டும்தான். அதனால ஆஃப்ல அந்த வயர்ல 12 வோல்ட் காட்டும், மோட்டர் சுருள் வழியா வர்றது. ஆன் பண்ணினா எர்த் ஆகி லேம்ப் அணையணும். அணையறதுதான் நல்ல சுவிட்ச்! பாவம், உருப்படியான சுவிட்சைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கார்.

அடுத்தது நடுவுல நிக்கிற பிரச்சினை. இந்த மோட்டருக்கு எர்த் வழி ரெண்டு. ஒண்ணு சுவிட்ச் வழியா. இன்னொண்ணு மோட்டருக்கு உள்ளேயே இருக்கிற பார்க்கிங் காண்டாக்ட் வழியா, மோட்டர்ல இருந்து பாடிக்குப் போற கறுப்பு வயர். நீங்க ஆஃப் பண்ணின பிறகு, பிளேடு கீழ வர்ற வரைக்கும் இந்த ரெண்டாவது வழிதான் மோட்டரை ஓட்டும். அது அறுந்தா அந்த நிமிஷமே நின்னுடும். மோட்டர் ரப்பர் மேல உக்காந்திருக்கு, போல்ட் வழியா எர்த் எடுக்கும்னு நம்பாதீங்க.

பெயின்ட் அடிச்ச பிறகுன்னு சொன்னீங்களே, அங்கதான் எனக்கு சந்தேகம். எர்த் வயர் முனையில இருக்கிற உலோக வளையம், அதான் லக், அது அடியில பெயின்ட் இருந்தா மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பார்த்தா நல்லாத்தான் காட்டும், லோடு வந்தா வோல்ட் விழும். அதனால ஓடும்போதுதான் அளக்கணும்.

நெகடிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரி மைனஸ் பாடியோட சேர்ந்திருக்குன்னு வெச்சுச் சொல்றேன். மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. கறுப்பு ப்ரோப் பேட்டரி மைனஸ் போஸ்ட்லயே, கிளாம்ப்ல இல்ல. வைப்பர் ஓடும்போது சிவப்பு ப்ரோபை மோட்டர்ல கறுப்பு-பச்சை வயர் டெர்மினல்ல வைங்க. அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ரெண்டு, மூணு வோல்ட் காட்டினா அவ்வளவும் எர்த் வழியில வீணாப் போகுது. ஹெட்லைட் போட்டுட்டு இன்னொரு தடவை பாருங்க. அப்புறம் அதே டெர்மினல்ல இருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு வயரை நேரா கொடுங்க. வேகம் பிடிச்சா மோட்டர் தங்கம். ஆனா அந்த டெர்மினலுக்கு ப்ளஸ் மட்டும் கொடுத்துடாதீங்க. பார்க்கிங் காண்டாக்ட் மூடியிருந்தா நேரா ஷார்ட்.

ஹெரால்டுல ஒரு சுகம், பானட்டைத் தூக்கினா மூஞ்சியே முழுசா முன்னால கவுந்துடும். இடுப்பு வலிக்காம பார்க்கலாம்.

ஊட்டி கிளாசிக்:

மாருதி மோட்டர் வேண்டாம்னு நானும் சொல்றேன். அது கிராங்க், லிங்க் ராட்ல ஓடறது. ஹெரால்டுல குழாய்க்குள்ள ரேக்னு சொல்ற பல் வெச்ச கேபிளை மோட்டர் முன்னும் பின்னும் இழுக்கணும். பிராக்கெட், சுவிட்ச், வயரிங் எல்லாத்தையும் மாத்தணும். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் பண்ணினார், பிளேடு கண்ணாடி ஓரத்தை அடிச்சுக்கிட்டே இருக்கு.

நாஞ்சில் ஹெரால்டு:

அண்ணே, அளந்துட்டேன். வைப்பர் மட்டும் ஓடும்போது 2.6 வோல்ட். ஹெட்லைட் போட்டா 3.4. நேரா வயர் கொடுத்ததும் பிளேடு பறக்குது! டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டுப் பார்த்தா, சுவிட்ச், மீட்டர் லைட்டு எல்லாத்தோட கறுப்பு வயரும் ஒரே ஸ்க்ரூல. லக்கைக் கழட்டினா அடியில பளபளன்னு பெயின்ட், ஸ்க்ரூ நூல்ல மட்டும் தொட்டுட்டு இருந்திருக்கு. எமரி தேய்ச்சு முறுக்கினேன், இப்போ 0.3.

மோட்டரோட கறுப்பு வயர் எங்கயும் மாட்டவே இல்ல, சும்மா தொங்குது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற ஃபயர்வால் தகட்டுல போல்ட் போட்டேன், பார்க் ஆகுது. ஆனா கீழ இல்ல, நாலு விரல் மேல நிக்குது. ஹெட்லைட் போட்டு ஐடிலிங்ல விட்டா இன்னும் கொஞ்சம் மெதுவு.

பாடி ரோடு எலக்ட்ரீசியன்:

ஐடிலிங்ல மெதுவாகறது டைனமோ சுபாவம், மெதுவா சுத்தினா கரண்ட் கம்மியாத்தான் கொடுக்கும், அதை விடுங்க. வேகம் எடுத்தா சரியாகும்.

நாலு விரல் மேல நிக்கறதுக்கு, வைப்பர் மோட்டரோட கியர் பாக்ஸ் மேல குமிழ் மாதிரி ஒரு மூடி இருக்கும். சுத்தி இருக்கிற ஸ்க்ரூவை லேசா தளர்த்தி, மூடியைக் கொஞ்சமா திருப்பி, ஓட்டி, ஆஃப் பண்ணிப் பாருங்க. ஒரே தடவையில நிறைய திருப்பாதீங்க.

அந்த மூடியைத் திறந்தா ரேக்கையும் உருவிடுங்க. அம்பது வருஷ கிரீஸ் குழாய்க்குள்ள மெழுகா உறைஞ்சிருக்கும். மண்ணெண்ணெய்ல கழுவிப் புது கிரீஸ் தடவுங்க. பிளேடைக் கழட்டிட்டு ஸ்பிரிங் தராசுல ரேக்கை இழுத்தா மூணு கிலோவுக்குள்ள நகரணும், இல்லேன்னா ரேக் அசைவுல வைப்பர் கையைத் திருப்புற வீல்பாக்ஸைப் பாருங்க. பச்சை வயர்ல ஃப்யூஸ் இல்லேன்னா ஒண்ணு போட்டுடுங்க. ஓடும்போது மூணு ஆம்பியர்தான், ஆனா பிளேடு சிக்கினா அதை விட ரொம்ப அதிகமா இழுக்கும்.

பழைய சுவிட்ச் அந்த மெக்கானிக்கிட்ட இருந்தா கேட்டு வாங்கிக்குங்க தம்பி. புதுசை விட அதுதான் உழைக்கும்.