மறு: மறு: பாரடாக்ஸுக்கு என்ன சொல்? முரண்மெய்யா, முரண்புதிரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாரடாக்ஸுக்கு (paradox) தமிழில் என்ன சொல் போடலாம் என்று திங்கள்கிழமை கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வந்ததில் மகிழ்ச்சி. தருக்கப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் ஒரு சொல் வேண்டும்.

> வழக்கில் இருக்கிற முரண்பாடு என்றே போடுங்களேன், எல்லாருக்கும் புரியும்.

புரியும், வேறு பொருளில். அதே பாடத்தில் இரண்டு பக்கம் தள்ளி, 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிறுவுகிறோம். 'விகிதமுறு எண் என்று கொள்வோம்' எனத் தொடங்கி 'இது முரண்பாடு' என்று முடிகிற நிறுவல். அந்தச் சொல் அங்கே வேலையில் இருக்கிறது. 'வந்தான், வரவில்லை' என்பது முரண்பாடு, கேட்டவுடன் தள்ளிவிடலாம். பாரடாக்ஸை அப்படித் தள்ள முடியாது. ஒவ்வொரு படியும் சரியாகத் தெரியும், போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் ஏற்க முடியாது. முரண்நகையும் சரிவராது, அது ஐரனிக்கு நிலைத்துவிட்டது.

> முரண்மெய். கிரேக்கத்தில் பாரா எதிர், டாக்சா கருத்து. பொதுக் கருத்துக்கு எதிர்நிற்கும் மெய்.

அழகான சொல், முதலில் எனக்கும் பிடித்தது. 23 பேர் கூடினால் அதில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நம்பக் கஷ்டம், ஆனால் மெய். இதை முரண்மெய் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வேகமாக ஓடும் அக்கிலீஸால் முன்னே புறப்பட்ட ஆமையை எட்டவே முடியாது என்ற கிரேக்கத் தத்துவர் சீனோவின் வாதம்? 'இந்த வாக்கியம் பொய்' என்ற வாக்கியம்? மெய் என்றால் பொய்யாகிறது, பொய் என்றால் மெய்யாகிறது. பெயரிலேயே மெய்யை ஒட்டிவிட்டால் மாணவர் யோசிக்கும் முன்பே நாம் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். டாக்சாவிலும் மெய் இல்லை, கருத்துதானே இருக்கிறது?

> வடமொழி என்று ஒதுக்காதீர்கள். விரோதாபாசத்தை விடத் துல்லியமான சொல் கிடையாது.

ஆபாசம் என்றால் அங்கே வெறும் தோற்றம். தமிழ் வகுப்பறையில் அந்தப் பொருளை மீட்க முடியாது. ஆனால் இந்த மடலால் ஒரு நல்ல காரியம் நடந்தது. விரோதாபாசம் ஓர் அணியின் பெயர், அதே அணிக்குத் தமிழில் முரண்விளைந்தழிவணி என்ற பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது. முரண் விளைகிறது, பிறகு அழிகிறது. பெயரே விளக்கம்! நீங்கினால் சுடும், நெருங்கினால் குளிரும் தீயை இவள் எங்கே பெற்றாள் என்று குறள் (1104) கேட்கிறதே, அங்கே நடப்பது இதுதான். தீ என்பது காதல் என்று தெரிந்ததும் முரண் கரைந்துவிடுகிறது. நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பொய் வாக்கியத்தில் முரண் விளைகிறது, அழிய மறுக்கிறது. 1901-இல் தத்துவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கண்டதும் அப்படித்தான். தம்மைத் தாமே உறுப்பாகக் கொள்ளாத கணங்களை (set) எல்லாம் சேர்த்து ஒரு கணம் அமைத்தால், அது தனக்குத்தானே உறுப்பா? எந்த விடையும் தன்னையே மறுக்கிறது. கணக் கோட்பாட்டின் அடித்தளத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

முரண், முரண்டு, முரடு மூன்றுக்கும் ஒரே வேரா என்று போய்க்கொண்டிருக்கும் இழையை ஆசையோடு படிக்கிறேன். பழம்பாடல்களில் முரண் வலிமை என்ற பொருளிலும் வருவது உண்மை. முரண்டு பிடிக்கிற வாக்கியம் என்ற விளக்கத்தைப் பாடத்திலேயே சேர்க்க விருப்பம். வேர் ஆய்வு மட்டும் தனி இழையில் தொடரட்டும்.

அப்புறம், முரண்புதிர். இதுவரை ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள், இருவர் 'முடித்தால் போதும்' என்ற குறிப்போடு. புதிர் என்றால் விடை இருந்தாக வேண்டுமே என்ற மறுப்பு நியாயமானது. விடுகதைக்கு விடை கட்டாயம். பிடிபடாமல் நிற்கும் எதையும் புதிர் என்கிறோமே என்பதுதான் என் பதில். பிறந்தநாள் கணக்கு, ஆமை, பொய் வாக்கியம் மூன்றையும் இந்தச் சொல் தாங்குகிறது.

பாரடாக்ஸுக்கு முரணுரை என்ற சொல்லை விடமாட்டேன் என்ற நண்பர் நேற்றிரவு மறுபடி எழுதியிருக்கிறார்: சீனோவுடையது வாதம், வாதமும் உரைதான், புதிர் என்றால் விளையாட்டாகிவிடும் என்று. அந்தக் கடைசிப் பகுதிக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கோப்பில் இப்போதைக்கு முரண்புதிர் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பாரடாக்ஸ் என்றும் சேர்த்திருக்கிறேன். வியாழன் இரவு வரை மாற்றலாம்.