ஹனுக்கா மாலையில் யூதப் பள்ளி வகுப்பறையில் பேச அழைப்பு: எதைச் சொல்வது, எதைத் தவிர்ப்பது?

பட்டர்வொர்த் ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் தங்கை சிங்கப்பூரில் குடியிருக்கிறாள். அவளுடைய எட்டு வயது மகள் அங்குள்ள யூதப் பள்ளி ஒன்றில் படிக்கிறாள். யூதர் அல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி அது. யூதர்கள் எட்டு நாள் விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்கா பண்டிகையின்போது ஒரு மாலை, பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் வகுப்பறைக்கு வந்து, தத்தம் வீட்டில் விளக்கேற்றும் வழக்கத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச வேண்டும் என்று வகுப்பாசிரியை கேட்டிருக்கிறார். தங்கைக்கு அன்று வேலை இருப்பதால், "நீ போய்ப் பேசு அக்கா, உனக்குத்தான் பள்ளி விடுமுறை ஆயிற்றே" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டாள்.

கார்த்திகை தீபத்தைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்து எழுதினேன். "உங்கள் ஹனுக்காவும் எங்கள் கார்த்திகையும் ஒன்றே" என்று முதல் வரியை எழுதிவிட்டு மறுபடி படித்தபோது மனம் ஒப்பவில்லை. சென்ற ஆண்டு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, களிமண்ணில் தானே செய்த விளக்கைத் தங்கை மகள் என்னிடம் எடுத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. வரிசையாக எட்டுக் குழிகள். ஓரத்தில் மட்டும் ஒன்று விரல்கடை உயரத்தில் தனியாக நின்றது. "பெரியம்மா, இந்த உயரமான விளக்கு மற்றதையெல்லாம் ஏற்றுவதற்கு. அந்த எட்டு விளக்கின் வெளிச்சத்தில் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்" என்றாள். எங்கள் வீட்டில் மின்சாரம் நின்ற இரவுகளில் பாட்டி ஏற்றிய அகல் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதியவள் நான். பயன்படுத்தவே கூடாத வெளிச்சம் என்ற எண்ணம் எனக்குப் புதிது. அப்படியிருக்க இரண்டையும் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் முதலில் பணியாற்றிய தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பில் மூன்றே பிள்ளைகள் இருந்த ஆண்டு உண்டு. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம் ஒன்று தன் பள்ளியை எப்படி நடத்துகிறது, பண்டிகை அந்தப் பள்ளியில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டு போனால் பேச்சும் பொருத்தமாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஜார்ஜ் டவுன், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வணக்கம், ஆசிரியை அவர்களே. நான் கத்தோலிக்கன், ஹனுக்காவை விவிலியம் வழியாக அறிந்தவன். எங்கள் திருவிவிலியத்தில் மக்கபேயர் நூல்கள் இரண்டு உள்ளன. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு, யூதர்கள் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதையும், ஆண் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்வதையும், தங்கள் திருச்சட்டத்தை வைத்திருப்பதையும் தடைசெய்து, எருசலேம் கோவிலில் வேற்றுத் தெய்வத்துக்குப் பலி செலுத்த வைத்தான். மோதயின் என்ற ஊரைச் சேர்ந்த குரு மத்தத்தியாவும் அவருடைய புதல்வர்களும் எதிர்த்து எழுந்தார்கள். மகன் யூதா மக்கபே கி.மு. 164இல் கோவிலைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அர்ப்பணித்தார். அந்த எட்டு நாள் விழாவே ஹனுக்கா. யோவான் நற்செய்தியில் "கோவில் அர்ப்பண விழா" என்று வருவதும் இதுதான். அது குளிர்காலத்தில் நடந்தது என்றும் அங்கே குறிப்பு உண்டு.

ஒரு நாளுக்கு மட்டுமே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற செய்தி மக்கபேயர் நூல்களில் கிடையாது. அது யூத அறிஞர்களின் சட்ட விளக்கங்களைத் தொகுத்த பிற்காலத்துத் தல்மூத்தில் வருவது. போரில் கிடைத்த வெற்றியைக் காட்டிலும் ஒரு சிறு குப்பி எண்ணெயைப் பெரிதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த அந்த அறிஞர்களின் மனத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியையாகிய உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஹனுக்கா என்றால் எபிரேயத்தில் அர்ப்பணம். கல்விக்கு அம்மொழியில் உள்ள சொல் ஹினூக். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிள்ளையை நல்வழியில் பழக்கு என்று நீதிமொழிகள் நூலில் வரும் வசனமும் மூலத்தில் அந்த வேர்ச்சொல்லோடுதான் தொடங்குகிறது. கோவிலை அர்ப்பணிப்பதற்கும் பிள்ளையைப் பழக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மக்கள், இந்தப் பண்டிகையைப் பள்ளியில் இவ்வளவு கருத்தோடு கொண்டாடுவதில் வியப்பில்லை.

நம் ஊரிலேயே அந்தச் சமூகத்தின் தடம் இருக்கிறது. பர்மா சாலையிலிருந்து பிரியும் ஜாலான் சைனல் ஆபிடின் ஒரு காலத்தில் ஜாலான் யாஹுடி, அதாவது யூதர் சாலை, என்று வழங்கியது. அங்குள்ள யூதர் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ நூறு கல்லறைகள் உள்ளன. மிகப் பழையது 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாகூர் சாலை 28ஆம் எண் வீட்டில் 1929இல் தொழுகைக்கூடம் திறந்தார்கள். யூதர்கள் கூட்டு வழிபாடு நடத்துவதற்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது பொதுவான மரபு. அந்தப் பத்துப் பேர் சேர்வதே அரிதாகிவிட்டதால் 1976இல் கூடத்தை மூடிவிட்டார்கள். பாக்தாதிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களின் வழிவந்தவர்களில் பலர் அதற்கு முன்பே வெளிநாடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகள் இருந்த வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு நாகூர் சாலைதான் நினைவுக்கு வந்தது. பேசப் போகும் முன் முடிந்தால் ஒரு முறை அந்தச் சாலையில் நடந்துவிட்டுப் போங்கள்.

கோலாலம்பூர் வாசகி:

அக்கா, வணக்கம். நான் திருமணத்துக்கு முன் சிங்கப்பூரில் ஒரு யூதப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தேன். உங்கள் தங்கை மகளின் பள்ளி எதுவென்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பண்டிகை அங்கே தனி நிகழ்ச்சியாக வருவதில்லை. எபிரேயமும் தோரா என்ற யூதத் திருச்சட்டமும் கணிதம், அறிவியல் பாடங்களோடு சேர்ந்தே நேர அட்டவணையில் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் ஓய்வுநாளை வரவேற்கப் பள்ளி முழுவதும் ஒன்றுகூடும். பின்னல் ரொட்டியைப் பிட்டுப் பகிர்வார்கள். தர்மத்துக்கான தகர உண்டியல் கைக்குக் கை மாறும். ஹனுக்கா வாரத்தில் காலை வழிபாட்டோடு புகழ்ச்சித் திருப்பாடல்கள் முழுமையாகச் சேர்ந்துகொள்ளும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புக்கு வந்து, நான்கு எழுத்துகள் பொறித்த பம்பரத்தை எப்படிச் சுழற்றுவது என்று கற்றுத் தருவார்கள். எண்ணெயின் நினைவாக எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடையும் டோனட்டும் உண்டு. அந்த வாசனை மாடிப்படி வரை ஏறி வரும்.

என் மனத்தில் நின்றது விளக்கேற்றும் முறை. மெழுகுவர்த்திகளை வலமிருந்து இடமாக அடுக்குவார்கள். ஏற்றும்போது இடமிருந்து வலமாக, அன்றைக்குப் புதிதாக வந்ததை முதலில் ஏற்றுவார்கள். புதிய நாளுக்கு முதல் மரியாதை. முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் எட்டு நாளில் 36 ஆகிறது. நாளுக்கு ஒன்றாக ஷமாஷ் என்ற அந்த ஏவல் விளக்கையும் சேர்த்தால் 44. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத பிள்ளையே எங்கள் வகுப்பில் இருந்ததில்லை.

இதில் பழைய வாதம் ஒன்று உண்டு. ஷம்மாயி, ஹில்லேல் என்ற இரு பழைய யூத ஆசான்களின் வழிவந்தவர்களுக்கு இடையே நடந்தது அது. எட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாயி வழியினர். ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும், புனிதமானவற்றில் ஏறுவதே முறை, இறங்குவது முறையன்று என்றது ஹில்லேல் வழியினர். ஹில்லேல் வழியே நிலைத்தது. அதற்காக மறுதரப்பின் கருத்தை அழித்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, தோற்ற கட்சிக்காக வாதாடியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒன்றே" என்ற வரியை எடுத்துவிடுங்கள், அக்கா. எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, மாட்டோம் என்று நின்றவர்களின் நினைவுநாள் அது. அன்பால் சொன்னாலும் அந்த வரி அங்கே பொருந்தாது.

பாயான் பாரு வாசகர்:

மேலே சகோதரி சொன்னதில் எனக்கு ஓரளவுதான் உடன்பாடு. ஒப்புமையே கூடாது என்று ஒதுங்கிவிட்டால், வகுப்பில் உள்ள தமிழ்ப் பிள்ளை தன் வீட்டு விளக்கைப் பற்றி வாய்திறக்கவே தயங்கும். அழைத்த ஆசிரியையின் நோக்கமும் அதுவாக இருக்காது. கார்த்திகையில் வாசற்படியில் விளக்கு வைக்கிறோம். அவர்களும் அந்த அற்புதம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று வாசலிலோ சன்னலிலோ வைக்கிறார்கள். சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணிக்கும் நாள்காட்டி அவர்களுக்கும் உண்டு. அதனால்தான் ஹனுக்கா 2023இல் டிசம்பர் 7 மாலையும் 2024இல் டிசம்பர் 25 மாலையும் தொடங்கியது. இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். வழக்கம் அருகருகே நிற்கிறது, காரணம் வேறு என்று பிரித்துச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

பட்டர்வொர்த் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை ஜார்ஜ் டவுன் ஐயா சொன்ன யூதர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். கதவு பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியாகப் பார்த்தபோது மர நிழலில், கூரைபோல் முதுகு உயர்ந்த கல்லறைகள் வரிசையாகத் தெரிந்தன. எபிரேய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. என் தங்கை மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை அவள் பினாங்கு வரும்போது அழைத்துப் போவேன்.

பேச்சை மாற்றி எழுதிவிட்டேன். பாட்டியின் அகல் வெளிச்சத்தில் பாடம் எழுதியதை முதலில் சொல்லி, "உங்கள் விளக்கின் வெளிச்சத்தில் ஏன் படிக்கக் கூடாது?" என்று பிள்ளைகளிடமே கேட்கப் போகிறேன். பதிலை அவர்கள் எனக்குச் சொல்லித் தரட்டும். கோலாலம்பூர் தங்கைக்கு ஒரு கேள்வி: அகலும் நல்லெண்ணெயும் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். அங்கே அது தவறாகப் படுமா?

கோலாலம்பூர் வாசகி:

தவறே இல்லை, அக்கா. வகுப்பறையில் தீ ஏற்ற அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லா எண்ணெயும் ஹனுக்கா விளக்குக்கு ஆகும், ஆனால் ஒலிவ எண்ணெயே சிறந்தது என்று தல்மூத் சொல்கிறது. அதே இடத்தில் ஒரு குறிப்பும் வருகிறது: ரப்பா என்ற ஆசான் முதலில் எள்ளெண்ணெயைத்தான் தேடிப் போவாராம், அதன் சுடர் நெடுநேரம் நிற்கும் என்பதற்காக. ஒலிவ எண்ணெயின் ஒளி தெளிவானது என்று பிறகுதான் மாற்றிக்கொண்டாராம். உங்கள் நல்லெண்ணெய்ப் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். அந்த வகுப்பாசிரியைக்கு மிகவும் பிடிக்கும்.