கவாத்து மலையில் கிடைத்த மூன்று முட்டை

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பட்டிப்பொல பக்கம். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேயிலை, அதற்கு மேலே காடு. விடியும் முன்பே இரண்டு கூவல் கேட்கும். லயத்துச் சேவல் இழுத்துக் கூவும், காட்டுச் சேவல் வெட்டி வெட்டிக் கூவிச் சட்டென்று நிறுத்தும்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். காட்டோரம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போன அப்பா, தலைத்துண்டில் மூன்று காட்டுக்கோழி முட்டையைப் பொத்திக்கொண்டு வந்தார். வெளிர் நிறம், மேலே பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி. பெட்டை பறந்துபோய் மாலை வரை திரும்பவில்லையாம். அப்பாயி அவற்றை அடைக்கு உட்கார்ந்திருந்த எங்கள் கறுப்புப் பெட்டையின் வயிற்றுக்கடியில் வைத்தார். இரண்டு பொரித்தன, ஒன்று கூமுட்டை.

குஞ்சு இவ்வளவு அழகாக இருக்குமா என்று நான் கூடையை விட்டு நகரவே இல்லை. ஆனால் அவை வளர்ப்புத் தாயை ஏற்கவில்லை. கறுப்பி மண்ணைக் கிளறி 'கொக் கொக்' என்று கூப்பிட்டால் நாட்டுக் குஞ்சு ஓடிவரும், இவையோ அப்படியே உறைந்து நிற்கும். குருணலைத் தொடவே இல்லை. அப்பாயி உளுத்த கட்டையைப் பிளந்து எறும்பு முட்டை கொண்டுவந்து போட்டார், அதை மட்டும் கொத்தின. யாராவது நடந்தால் போதும், இலைக்கடியில் பாய்ந்துவிடும். ஐந்தாம் நாள் காலை ஒன்று பனியில் விறைத்துக் கிடந்தது, இரவில் தாயின் இறக்கைக்குள் போகாமல். மற்றது கூடையின் இடுக்கால் தப்பிவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை.

முட்டையை எடுப்பது சட்டப்படி குற்றம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. இலங்கைக் காட்டுக்கோழி இந்தத் தீவில் மட்டுமே இருக்கிறது, நம் தேசியப் பறவை. வீட்டுக்கோழியின் பூர்வீகம் ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி, இது வேறு இனம். கறுப்பியின் கூப்பிடுதல் அந்தக் குஞ்சுகளுக்குப் புரியாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் ஃபார் இன் பார்வையாளர் நிலையத்தின் அருகே சேவலைக் கிட்டத்திலேயே பார்க்கலாம். சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு இருக்கும், வேறெந்தக் காட்டுக்கோழிக்கும் அது கிடையாது. தயவுசெய்து பாணை (ரொட்டியை) பிய்த்துப் போடாதீர்கள். நெலு என்ற மலைக்காட்டுச் செடி காய்க்கும் வருடம் கூட்டமாக வந்து விதை பொறுக்கும் பறவை அது, வாகனத்தடியில் நின்று கையேந்த வேண்டியதில்லை.

போன கவாத்தில் தம்பிக்கும் ஒரு கூடு கிடைத்தது, பன்னப் (பெரணி) புதருக்கடியில். சரி, இந்த முறை தொட வேண்டாம் என்று அந்தப் புதரையும் சுற்றியிருந்த நாலு தேயிலைத் தூரையும் வெட்டாமல் விட்டு, அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் உடைந்த ஓடுதான் கிடந்தது. மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. நாலு நாள் கழித்து, மழை விட்ட நேரம், பெட்டை வடிகானைத் தாண்டிப் போனது. பின்னால் இரண்டு குஞ்சு. சேவல் மேலே கல்லில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.