முதல் வாசிப்பு மதிப்பீட்டில் குழந்தைகள் சொன்ன பதில்கள்: வேலூர் வட்டார அனுபவங்கள்

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஆம்பூர்ப் பக்கம்:

பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்ததிலிருந்து, ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையையும் அருகில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது எங்கள் பணியில் முக்கியமான பகுதியாகிவிட்டது. நிலையைச் செயலியில் பதிந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு மறுநாள் அந்தக் குழந்தைக்கு எதைச் சொல்லித் தருவது என்று முடிவு செய்ய முடியாது. அதற்குக் குழந்தை எந்த இடத்தில், எப்படித் தடுமாறியது என்பது தெரிய வேண்டும். ஆகவே நான் சரி, தவறு என்று குறிப்பதோடு நிறுத்துவதில்லை. குழந்தையின் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

‘கொடி’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுவன் அதைக் ‘கெரடி’ என்று படித்தான். இன்னொரு சிறுமி ‘கோடி’ என்றாள். மூன்றாவது குழந்தை அட்டையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டுத் ‘தேசியக் கொடி’ என்று உரக்கச் சொன்னான். மதிப்பெண்ணில் முதல் இருவருக்கும் பூச்சியம், மூன்றாமவனுக்கு ஒருவேளை முழு மதிப்பெண்கூடக் கிடைத்திருக்கும். உண்மையில் முதல் சிறுவனுக்குக் ககரம் தெரியும், ஒற்றைக்கொம்பும் (ெ) தெரியும். துணைக்காலை (ா) ரகரமாக எண்ணி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துக்கொண்டு போகிறான். எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிற இரண்டு குறிகளும் சேர்ந்து ஒரே ஒலியைத்தான் தருகின்றன என்பதை மட்டும் அவனுக்குக் காட்டினால் போதும். நடுவில் மெய்யெழுத்தை மாற்றி மாற்றிச் செருகக்கூடிய அட்டை ஒன்றைச் செய்து கொ, தொ, பொ, மொ என்று படிக்கவைத்தேன், விரைவாகவே பிடித்துக்கொண்டான். சிறுமிக்குத் தேவைப்பட்டது குறில், நெடில் வேறுபாடு. படத்தைப் பார்த்துச் சொன்னவனோ இன்னும் படிக்கவே தொடங்கவில்லை. படமில்லாத அட்டையை நீட்டியபோதுதான் அது வெளியே வந்தது.

எழுத்து அட்டவணையை வரிசையாகப் படிக்கச் சொல்வதையும் மதிப்பீடாக நான் ஏற்பதில்லை. அ, ஆ, இ, ஈ என்பதைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடிவிடுவார்கள். விரல் ஒரு கட்டத்திலும் வாய் வேறு கட்டத்திலும் இருக்கும். வரிசையைக் கலைத்துக் கேட்டால்தான் யாருக்கு எது தெரியும் என்பது புலப்படும்.

எங்கள் பக்கத்துப் பேச்சுவழக்கையும் மதிப்பிடுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொல்லும் வீட்டிலிருந்து வருகிற குழந்தை, ‘பழம்’ என்ற சொல்லைப் ‘பயம்’ என்று படித்தால் அது வாசிப்புப் பிழையா? நான் ‘பழம்’, ‘பயம்’ என்ற இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து, “சாப்பிடுவது எது?” என்று கேட்பேன். சரியானதைத் தொட்டுவிட்டால், ழகரத்தைக் கண் அறிந்துகொண்டது, நாக்குத்தான் பழகவில்லை என்று பொருள். அதற்காக அவனை ஒரு நிலை கீழே இறக்குவது அநியாயம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் போன்ற ஊர்களில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம்; ஆந்திர எல்லையை ஒட்டிய சிற்றூர்களில் தெலுங்கு பேசுவோரும் உண்டு. ஒருமுறை பூனைப் படத்தைக் காட்டி முதல் எழுத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஒரு சிறுமி ‘பூ’வைத் தொடாமல் தயங்காமல் ‘பி’யைத் தொட்டாள். விடைத்தாளின்படி அது தவறு. “இது என்னம்மா?” என்று கேட்டதற்குப் “பில்லி, டீச்சர்” என்றாள். உருதுவிலும் தெலுங்கிலும் பூனைக்கு ஏறத்தாழ அதே பெயர்தான். தன் வீட்டுச் சொல்லின் முதல் ஒலியைப் பிரித்தறிந்து அதற்குரிய தமிழ் எழுத்தையும் சரியாகக் கண்டுபிடித்த குழந்தை அவள்! அவளுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி அன்று. தமிழ்ச் சொற்களைக் காதால் நிறையக் கேட்க வேண்டும், கதை கேட்க வேண்டும். அரும்புக் குழுவில் அவளையும் எழுத்தே அறியாத குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்தால் இருவருக்குமே நாள் வீணாகும்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், குடியாத்தம்:

ஆசிரியை அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் 2021-இல் சேர்ந்தபோது, பள்ளிகள் நெடுநாள் மூடியிருந்ததால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாத நிலை இருந்தது. பிரதம் என்ற தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அறிய 2005 முதல் நடத்திவரும் அசர் (ASER) ஆய்வின் வாசிப்புத் தாளைப் போன்றே நானும் ஒன்றைத் தயாரித்துக்கொண்டேன். அதில் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிகள் உண்டு. கீழிருந்து ஏறாமல் முதலில் பத்தியைக் கொடுப்பார்கள். படித்துவிட்டால் கதைக்குப் போகலாம், திணறினால் சொல்லுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கும் இறங்கலாம். ஐந்து சொற்களில் நான்கு வந்தால் சொல் நிலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, குழந்தையை அதனால் முடிந்த ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்த முடிகிறது என்பதுதான். பத்தியில் திணறி வாய் மூடிக்கொண்ட ஒரு பையன், சொல்லட்டை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ‘மாடு’, ‘வீடு’ என்று படித்தான். தெரியாததிலேயே சோதனையை முடித்திருந்தால் மறுநாள் மையத்துக்கே வந்திருக்க மாட்டான்.

இன்னொரு செய்தி: எழுத்துக்கூட்டிக் கூட்டிப் பத்தி முழுவதையும் பிழையின்றி முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துபோகும். யார் எங்கே போனார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். இவர்களைப் பத்தி நிலை என்று எழுதிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொற்களை ஒரே பார்வையில் அடையாளம் காணும் பயிற்சியைத்தான் அவர்களுக்குக் கொடுத்தேன்.

ஒரு தாய், வாலாஜா:

என் மகளைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக்கு மாற்றியபோது அரும்பு நிலையில் வைத்தார்கள். வீட்டில் பெரியவர்கள், “பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டார்களே” என்று வருந்தினார்கள். நான் போய்க் கேட்டபோது ஆசிரியர் கோபப்படாமல் அவள் படித்த தாளை எடுத்துக் காட்டினார். தனி எழுத்துகள் எல்லாம் வந்திருந்தன, குறிகள் சேர்ந்த எழுத்துகளில் பாதிக்கு மேல் வரவில்லை. அட்டையை மூக்குக்கு அருகே கொண்டுபோய்த்தான் படிக்கிறாள், கண்ணைக் காட்டுங்கள் என்றும் சொன்னார். பார்வைக் குறைபாடு இருந்தது. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். அடுத்த மதிப்பீடு வரப்போகிறது. அந்தத் தாளை வாங்கி வந்து வீட்டில் பழக்கலாமா?

ஆசிரியையின் பதில்:

அந்தத் தாளையே பழக்க வேண்டாம், சகோதரி. அது மனப்பாடமாகிவிட்டால், அடுத்த முறை அவளுக்கு எது வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் போய்விடும். எந்தக் குறிகளில் தடுமாறினாள் என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துணைக்கால் என்றால் ‘பால்’, ‘காய்’, ‘நாள்’ என்று வீட்டில் உள்ள பொருள்களின் மேலும் நாட்காட்டியிலும் இருக்கிற சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நாளுக்குச் சிறிது நேரம் போதும். அவள் சோர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடி போட்ட பிறகு வைக்கும் மதிப்பீட்டுக்கு வேறு சொற்கள் உள்ள அட்டையைப் பயன்படுத்துவார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள். நிலை மாற்றத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.