இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு லீக்: எங்கள் வீட்டு அனுபவம்

அப்பாவுக்கு வயது 61. கேன்சருக்காக இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டு, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். ஐந்து நாள் ஒழுங்காகத்தான் போனது. வராந்தாவில் நடந்தார், பேப்பர் கேட்டார். ஆறாம் நாள் காலையில் நாடித்துடிப்பு 120. காய்ச்சல் லேசாகத்தான். இடது தோள் வலிக்கிறது என்றார். கோணலாகப் படுத்திருப்பார் என்று நினைத்து நான் தைலம் தடவிவிட்டேன். உதரவிதானத்துக்குக் கீழே சீழ் தேங்கினால் வலி தோளில் தெரியுமாம். அது எனக்கு எங்கே தெரியும்!

ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன் முதலில் குனிந்து பார்த்தது ட்ரெயின் பையைத்தான், அதாவது வயிற்றுக்குள்ளிருந்து குழாய் வழியாக நீர் வடியும் பை. முந்தின நாள் வரை இளஞ்சிவப்பாக, தண்ணியாக வந்தது; அன்று கலங்கி, எச்சில் போல நுரைத்திருந்தது. நீல மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ட்ரெயின் குழாயில் நீலம் இறங்கியது. சிடி ஸ்கேனும் அதையே சொன்னது: இணைப்பில் லீக்.

திரும்பவும் வயிற்றைத் திறப்பார்களோ என்று பயந்தோம். தேவைப்படவில்லை. ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக இன்னொரு மெல்லிய குழாய் விட்டுச் சீழை வடித்தார்கள். ஆன்டிபயாடிக் ஓடியது. வாயில் ஒரு சொட்டுகூடக் கூடாது. நல்லவேளை, முதல் ஆபரேஷனிலேயே சிறுகுடலுக்குள் நேராக உணவு செலுத்த ஒரு குழாய் வைத்திருந்தார்கள், ஜே டியூப் என்பார்கள். 23 நாள் அதுதான் சாப்பாடு.

வலியைவிடத் தாகம்தான் அப்பாவை வாட்டியது. கொப்பளித்துத் துப்பலாம் என்று அனுமதித்தார்கள். அரை டம்ளர் கொடுத்தால் அரை டம்ளர் திரும்பி வருகிறதா என்று அம்மா கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் கொஞ்சம் குறைந்தது. இருவரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

* * *

இரைப்பை ஆபரேஷன் ஆன என் அத்தைக்கு லீக் தெரிந்தது பதினோராம் நாள், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு. குளிர் நடுக்கத்தோடு மறுபடி அட்மிட். எண்டோஸ்கோப்பி வழியாக, லீக்கை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் என்ற குழாயை வைத்தார்கள். அது நான்காம் நாளே கீழே நகர்ந்துவிட்டது. எடுத்து வேறு வைத்தார்கள். ஸ்டென்ட் நகர்வது உண்டு என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டோம்.

* * *

ஜே டியூப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மாத்திரையை அரைகுறையாகப் பொடித்துப் போட்டு நாங்கள் அடைத்துக்கொண்டோம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாக உள்ளே தள்ளி இழுத்துப் பார்த்ததில் எங்களுக்குத் திறந்தது. திறக்காவிட்டால் வார்டுக்கே போய்விடுங்கள். மருந்தைச் சிரப்பாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

* * *

அப்பா மறுபடி எப்போது சாப்பிட்டார் என்றால்: 23ஆம் நாள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குடிக்க வைத்துப் பார்த்தார்கள், ஒழுக்கு இல்லை. முதலில் நான்கு ஸ்பூன் தண்ணீர், அடுத்த நாள் கஞ்சித் தெளிவு. இந்த லீக்கால் கீமோ தள்ளிப்போனது. இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை, கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடுகிறார். இரைப்பை இல்லாததால் பி12 ஊசி ஆயுளுக்கும் உண்டு. காபி கேட்கிறார். பாதி டம்ளர்தான், அதையும் அம்மாதான் அளந்து கொடுக்கிறார்.