ராய்சினா ஏற்றத்தில் அமிழ்ந்த குவிமாடம்

டெல்லிப் புகைப்படக் குழுவின் கரோல் பாக் உறுப்பினர்:
கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பாவைக் குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடம் பின்னால் தெரியும்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று, கர்த்தவ்ய பாதை வழியாக, மாளிகை நிற்கும் ராய்சினா மேட்டின் அடிவாரச் சதுக்கமான விஜய் சௌக் வரை காலையில் நடத்தி அழைத்துச் சென்றேன். தொலைவில் முழுதாகத் தெரிந்த குவிமாடம் நெருங்க நெருங்கத் தரைக்குள் இறங்குவதுபோல் அமிழ்ந்துகொண்டே வந்தது. "நம்ம ஊர்க் கோபுரம் கிட்டப் போகப் போக உயரும், இது ஏன்டா இறங்குது?" என்று அப்பா கேட்டார். முழங்கால் வலியால் அவரால் மேட்டில் ஏற இயலவில்லை. அங்கேயே எடுத்த படம்தான் இன்று ஊரில் கூடத்தில் தொங்குகிறது. அதில் அவர் தோளுக்குப் பின்னால் குவிமாடத்தின் நுனி மட்டுமே இருக்கிறது. லென்ஸைத் தவறாகத் தேர்ந்துவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது.

ஆர்.கே. புரம் உறுப்பினர்:
லென்ஸின் மேல் பழி போடாதீர்கள். மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸுக்கும், இருபுறமும் தலைமைச் செயலகக் கட்டடங்களை எழுப்பிய ஹெர்பர்ட் பேக்கருக்கும் நட்பு முறியக் காரணமானதே இந்த ஏற்றம்தான். மாளிகை மேட்டின் விளிம்பிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டதால், அடிவாரத்தில் நிற்பவரின் பார்வையைச் சாலையின் சரிவே மறைத்துவிடுகிறது. எனக்கும் அங்கே ஒரு குளிர்காலக் காலை பனிமூட்டத்தில் வீணானது. நீங்கள் செய்திருக்க வேண்டியது, விஜய் சௌக்கை நெருங்காமல் இந்தியா கேட் பக்கமாக வெகுதூரம் பின்வாங்கி, தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில் எடுப்பது, அப்போது அப்பாவுக்குப் பின்னால் குவிமாடம் பெரிதாக எழுந்து நிற்கும். காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்களின் செங்குத்துக் கோடுகள் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ஆகவே அதை மட்டமாகப் பிடித்து, முன்தரை மிகுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். மாளிகையின் முகப்பு கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயிலைத் தவிர வேறு நேரத்தை எண்ணவே வேண்டாம்.

மயூர் விஹார் உறுப்பினர்:
காலை வெயில் முகப்புக்கு மட்டுமே பொருந்தும். அம்ரித் உத்யான் தோட்டம் மாளிகைக்குப் பின்னால், மேற்கே இருக்கிறது. அங்கிருந்து மாளிகையை எடுப்பவருக்குப் பிற்பகல் வெயிலே துணை, அப்போதுதான் மணற்கல் சுவர் பொன்னிறம் கொள்ளும். பிப்ரவரியில் தோட்டம் திறந்திருந்த ஒரு நாள், மாலை நான்கு மணி அளவில், முகலாயர் பாணி நீர்க்கால்வாய் ஒன்றின் ஓரமாகக் கைப்பேசியுடன் நகர்ந்துகொண்டிருந்தேன். செந்நிறக் கல்லில் தாமரை வடிவில் செய்த நீரூற்று திடீரென நின்றது. அலை அடங்கியதும் மாளிகை முழுவதும், குவிமாடம் உட்பட, தலைகீழாகத் தண்ணீரில் இறங்கியது. நான் குனிந்து கைப்பேசியை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோவதற்குள் காவலர் விசிலடித்து வரிசையை நகர்த்தினார். என் படத்தில் இருப்பது மீண்டும் எழுந்த நீரூற்றும், அதனடியில் கலைந்த செம்மஞ்சள் நிறமும்தான்.